'ஏன்?' என்று கேட்கக் கற்றுக்கொடுப்போம்

தாதிமை மாணவியாக இரண்டாம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியில் இருந்தபோது, ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்பது வயதைத் தாண்டியவர். நுரையீரல் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். மருந்து ஏற்றுவதற்காக அவர் கையில் மெல்லிய குழாய் ஒன்று செருகப்பட்டிருந்தது. வார்டில் அதை 'பிளக்' என்போம். செருகி மூன்று நாளாகிவிட்டதால் அன்று அதை மாற்ற வேண்டும். மூத்த தாதி புதிய ஊசியுடன் தயாராக இருந்தார். அந்த நேரத்தில் வார்டில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பாட்டிக்கு விளக்கும் வேலை என்னிடம் வந்தது.

"இது நல்லாத்தானே ஓடுது? வலிக்கவும் இல்ல. ஏம்மா எடுக்கிறீங்க?" என்று கேட்டார் பாட்டி.

"மூணு நாளானா மாத்தணும் பாட்டி. அதான் ரூல்" என்றேன்.

"யாரும்மா போட்ட ரூலு?"

என்னிடம் பதில் இல்லை. வயதானவரின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. பாட்டி சத்தம் போடவில்லை. என் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மூத்த தாதி எந்தத் தவறும் செய்யவில்லை. அன்றைய வழிகாட்டியில் இருந்ததைக் கவனமாகச் செய்தார். எனக்கு உறுத்தியது வேறு. பாட்டி கேட்ட அந்தக் கேள்வியை நான் அதுவரை ஒருமுறைகூட என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

அதே பருவத்தில்தான் 'ஆய்வு முறைகள்' என்ற பாடத்தையும் படித்துக்கொண்டிருந்தேன். சராசரி, திட்ட விலக்கம், மாதிரி எடுக்கும் முறைகள், அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்று ஏராளமான ஸ்லைடுகள். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால், பாட்டியின் கேள்விக்கு அந்தப் பாடத்தின் உதவியால் பதில் தேடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வார்டு ஒரு பக்கம், வகுப்பு மறுபக்கம் என்றே இருந்தது.

தாதியாகச் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே, அதே கேள்வியை ஆஸ்திரேலியாவிலும் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கிளேர் ரிக்கார்ட் என்ற தாதிமை ஆய்வாளரின் தலைமையில் மூன்று மருத்துவமனைகளில் அந்த ஆய்வு நடந்தது. 3,283 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாளில் வழக்கம்போலப் பிளக் மாற்றப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு வலி, வீக்கம், அடைப்பு போன்ற காரணம் இருந்தால் மட்டுமே மாற்றப்பட்டது. முடிவு 2012ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ரத்த நாளம் சிவந்து வீங்கும் பாதிப்பு இரு பிரிவுகளிலும் ஒரே அளவாக, 7 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டிருந்தது.

அந்தக் கட்டுரையை வாசித்தபோது பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது நான் தாதிமை மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஆய்வுத் திறனை எப்படிக் கற்பித்தால் அது மாணவர் மனத்தில் நிற்கும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: நோயாளியின் படுக்கையருகே எழுந்த கேள்வியிலிருந்து பாடம் தொடங்க வேண்டும், கிடைத்த பதிலுடன் அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

வாரம் ஒரு கேள்வி

ஆய்வுப் பாடம் பெரும்பாலும் வரையறைகளுடன் தொடங்குகிறது. பருவத்தின் இறுதியில் ஒரு திட்டவேலை. மாணவர்கள் இணையவழிக் கருத்தாய்வு ஒன்றைத் தயாரித்து, வகுப்பு நண்பர்கள் முப்பது பேருக்கு அனுப்புவார்கள். 'தாதிமை மாணவர்களின் தூக்கமும் மனவுளைச்சலும்' என்பது போன்ற தலைப்பு. வட்ட வரைபடம் இரண்டு, பரிந்துரை மூன்று. மதிப்பெண் வந்ததும் கோப்பு மூடப்படும். நானும் அப்படி ஒன்று செய்தவள்தான். அதனால் எந்த நோயாளிக்கும் பயனில்லை. எனக்கும் பெரிதாக ஒன்றும் விளங்கவில்லை.

இதற்குப் பதிலாக, என் மாணவர்களிடம் ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மருத்துவமனைப் பயிற்சியின்போது வாரம் ஒரு 'ஏன்' அதில் எழுத வேண்டும். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் இருக்கக்கூடாது. கேள்வி மட்டும் போதும்.

நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பி ரத்த அழுத்தம் பார்ப்பது ஏன்? அறுவை சிகிச்சைக்கு முந்திய நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறோமே, அது ஏன் மூன்று மணி நேரமாக இருக்கக்கூடாது?

இவை எல்லாம் நல்ல கேள்விகள். சிலவற்றுக்கு ஒரு மணி நேரத் தேடலிலேயே விடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பெரும்பாலான நோயாளிகள், மயக்க மருந்து கொடுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களை அருந்தலாம் என்று மயக்கவியல் அமைப்புகளின் வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகவே சொல்லிவருகின்றன. வேறு சில கேள்விகளுக்குத் தேடத் தேட விடை சிக்கலாகும். எது எந்த வகை என்று பிரித்தறிவதே முதல் திறன்.

அடுத்து, கேள்வியை நான்கு துண்டுகளாக உடைக்கச் சொல்வேன். நோயாளி யார்? என்ன செய்கிறோம்? எதனுடன் ஒப்பிடுகிறோம்? எந்த விளைவைப் பார்க்கிறோம்? ஆங்கிலத்தில் இதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பைக்கோ' என்பார்கள். பாட்டியின் கேள்வி இந்த வடிவத்தில் இப்படி மாறும்: பல நாள் மருந்து ஏற்றப்படும் நோயாளிகளுக்கு, காரணம் இருந்தால் மட்டும் பிளக்கை மாற்றுவதையும் குறித்த நாளில் மாற்றுவதையும் ஒப்பிட்டால், ரத்த நாள வீக்கமும் தொற்றும் எதில் அதிகம்? இந்த வாக்கியம் கையில் இருந்தால், 'பப்மெட்' போன்ற தரவுத்தளத்தில் எந்தச் சொற்களைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று மாணவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். நூலகர் ஒருவர் அந்த வகுப்பில் உடன் இருந்தால் இன்னும் நல்லது. தேடுவதில் அவர்களுக்கு இருக்கும் தேர்ச்சி விரிவுரையாளர் பலருக்கு இல்லை. எனக்கும் இல்லை.

வார்டில் எழும் கேள்விக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு டோரீன் நார்ட்டனின் கதையைச் சொல்வேன். இங்கிலாந்தைச் சேர்ந்த தாதி அவர். முதியோருக்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்கக் களிம்பு, ஸ்பிரிட் போன்றவற்றைத் தோலில் தேய்ப்பது அக்கால வழக்கம். எதைத் தேய்ப்பது சிறந்தது என்று ஆளுக்கொரு கருத்து இருந்தது. நார்ட்டனும் அவருடைய சகாக்களும் முதியோர் வார்டுகளில் முறையாக ஆராய்ந்து 1962ல் முடிவை வெளியிட்டனர். தேய்க்கும் பொருளால் பெரிய பயனில்லை. நோயாளியை அடிக்கடி திருப்பிப் படுக்கவைத்து, உடலின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதே பலன் தருகிறது என்று அது காட்டியது. யாருக்குப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணிக்க அவர்கள் உருவாக்கிய அளவுகோல் இன்றும் 'நார்ட்டன் அளவுகோல்' என்று அழைக்கப்படுகிறது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்து அம்சங்களே அதில் உள்ளன. தாதியர் தினமும் கண்ணால் பார்ப்பவைதான் அவை எல்லாம்.

ஒரே கட்டுரை, மூன்று வாரம்

பத்துக் கட்டுரைகளின் சுருக்கத்தை மேய்வதைவிட ஒரு கட்டுரையை முழுமையாக வாசிப்பதே மேல். என் வகுப்பில் ஒரே கட்டுரைக்கு மூன்று வாரம் ஒதுக்குகிறேன். முதல் வாரம் செய்முறைப் பகுதி மட்டும். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள், எப்படிப் பிரித்தார்கள்? குலுக்கல் முறை ஏன் தேவை என்று கேட்டால், முதலில் யாருக்கும் பதில் தெரியாது. "நல்ல நரம்பு உள்ள இளம் நோயாளிகளை எல்லாம் ஒரே பிரிவில் போட்டுவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டவுடன் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் வாரம் எண்கள். புள்ளியியலைத் தனிப் பாடமாக நடத்தினால் தாதிமை மாணவர் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. கட்டுரையில் ஓர் எண் எதிரே வரும்போது அந்த எண்ணுக்கு வேண்டிய புள்ளியியலை மட்டும் கற்பித்தால் பயம் குறைகிறது. நூற்றுக்கு ஏழு பேர் என்றால் நம் வார்டின் முப்பது படுக்கைகளில் ஏறக்குறைய எத்தனை பேர்? இரண்டு பேர். இப்படிக் கணக்கிட்டுப் பார்த்த மாணவருக்கு விழுக்காடு என்பது வெறும் எண்ணாகத் தெரிவதில்லை.

மூன்றாம் வாரம் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. கட்டுரையின் முடிவை நோயாளிக்குப் புரியும்படி மூன்று வாக்கியங்களில் சொல்ல வேண்டும், அதுவும் அவரவர் தாய்மொழியில். தமிழில், மலாயில், மாண்டரினில், தெரிந்தால் ஹொக்கியனில். 'புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று ஆங்கிலத்தில் சரளமாக ஒப்பித்த மாணவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஏனென்றால், அதன் பொருள் அவர்களுக்கே விளங்கியிருக்காது. "குழாயை மூணாம் நாள் மாத்தினவங்களுக்கும் மாத்தாம விட்டவங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுலதான் வீக்கம் வந்துச்சு பாட்டி" என்று ஒரு மாணவி சொல்லிவிட்டால், அவள் அந்தக் கட்டுரையை உண்மையிலேயே வாசித்திருக்கிறாள் என்று நான் நம்புவேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கட்டுரைகளை நொடியில் சுருக்கித் தருகின்றன. சில நேரங்களில், உலகில் இல்லவே இல்லாத கட்டுரையைக்கூட ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் சேர்த்துக் காட்டிவிடுகின்றன. தேடலைத் தொடங்க அவற்றைப் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை. ஆனால், என் வகுப்பில் ஒரு விதி உண்டு: திறந்து வாசிக்காத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது.

இரண்டாவது கட்டுரை கற்பிக்கும் பாடம்

ஆஸ்திரேலிய ஆய்வை வாசித்து முடித்ததும் வகுப்பில் பொதுவாக ஓர் உற்சாகம் பிறக்கும். "அப்படியென்றால் எல்லா மருத்துவமனைகளும் இந்த வழக்கத்தை நிறுத்திவிடலாமே?" என்பார்கள். அப்போதுதான் இரண்டாவது கட்டுரையைக் கொடுப்பேன்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள், குறித்த நாளில் பிளக்கை மாற்றும் வழக்கத்தை 2018ல் கைவிட்டு, காரணம் இருந்தால் மட்டும் மாற்றத் தொடங்கின. அதன் பின்னர், பிளக்கினால் ஏற்படும் ரத்த ஓட்டத் தொற்று அதிகரித்தது. 2019ல் பழைய வழக்கத்துக்கே திரும்பியபோது அது குறைந்தது. 400,000க்கும் மேற்பட்ட பிளக்குகளின் விவரங்களைக் கொண்டு எழுதப்பட்ட அந்த ஆய்வு 2021ல் வெளிவந்தது.

வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டில் எதை நம்புவது? இங்கேதான் உண்மையான கல்வி தொடங்குகிறது என்பேன். முதல் ஆய்வு குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. ஆனால் ரத்த ஓட்டத் தொற்று மிக அரிதாக நிகழ்வதால், மூவாயிரம் பேரில் அதைப் பற்றி உறுதியாகச் சொல்வது கடினம். இரண்டாவது ஆய்வின் எண்ணிக்கை மிகப் பெரிது. ஆனால் அது வெவ்வேறு காலகட்டங்களை ஒப்பிட்டது, குலுக்கல் இல்லை. இரண்டும் முக்கியமாக அளந்த விளைவுகளும் வேறு. பிளக் போட்ட இடத்தைத் தாதியர் ஒவ்வொரு வேலைமுறையிலும் கவனமாகப் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறக்கூடும்.

எனக்கும் இது ஒரு பாடம். முதல் கட்டுரையை மட்டும் வாசித்திருந்த காலத்தில், பாட்டிக்கு அன்று வீண் வலி கொடுத்துவிட்டோம் என்று உறுதியாக நம்பினேன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால், அவருக்குச் சொல்ல இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. "பாட்டி, இந்த ஊசி வலிக்கும், தெரியும். மாத்தாம விட்டா சில பேருக்கு ரத்தத்துல கிருமி போகலாம்னு ஒரு பயம் இருக்கு. அதனாலதான் இங்க மாத்துறோம்." 'அதான் ரூல்' என்பதற்கும் இதற்கும் இடையே உள்ள தூரம்தான் ஆய்வுக் கல்வி.

ஆகவே, மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். வழக்கத்தைக் கேள்வி கேட்கும் துணிவு ஒன்று; ஒரே ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வழிகாட்டியை மீறிவிடாத பொறுமை மற்றொன்று. மாற்றம் தேவை என்று தோன்றினால் அதைப் பொறுப்பாளரிடமும் வழிகாட்டியை வகுக்கும் குழுவிடமும் கொண்டுசெல்ல வேண்டும். நோயாளியின் கையில் தனியாகச் சோதித்துப் பார்க்கக்கூடாது.

எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம்

வாசித்தது போதுமா? போதாது. மாணவர்கள் எதையாவது தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய ஆய்வு தேவையில்லை. நான்கு பேர் கொண்ட குழு, வார்டுப் பொறுப்பாளரின் அனுமதியுடன், ஒரு வாரத்தில் எத்தனை பிளக்குகளின்மீது செருகிய தேதி தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்று எண்ணலாம். வழிகாட்டி சொல்வதற்கும் வார்டில் நடப்பதற்கும் இடைவெளி உள்ளதா என்று பார்க்கும் இந்தத் தணிக்கையை ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். தரவு எப்படிச் சேகரிக்கப்படுகிறது, எங்கே விடுபடுகிறது, இரண்டு பேர் எண்ணினால் ஏன் இரண்டு விடை வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கைப்பழக்கமாகும்.

நெறிமுறையையும் இங்கேதான் கற்பிக்க முடியும். தணிக்கைக்கும் மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்கும் என்ன வேறுபாடு, எப்போது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம், நோயாளியின் தகவலை ஏன் கைப்பேசியில் படம் பிடிக்கக்கூடாது என்பவை ஸ்லைடில் படித்தால் மறந்துபோகும். அனுமதிக் கடிதத்தைத் தானே எழுதியவருக்கு மறக்காது.

கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறோம். எண்ணிய முடிவை அந்த வார்டுத் தாதியரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலைமுறை மாறும் நேரத்தில் பத்து நிமிடம், ஒரே ஒரு தாள். குறை சொல்லும் தொனி கூடாது. "நாங்கள் எண்ணியது இது, இதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், அக்கா?" என்று கேட்டால் போதும். எந்த நூலிலும் இல்லாத காரணங்கள் அங்கே கிடைக்கும். பேனா மை அழிந்துவிடுகிறது என்பார் ஒருவர். ஒட்டும் தாள் வேறு அலமாரியில் இருக்கிறது என்பார் இன்னொருவர்.

'தாதிக்கு எதற்கு ஆய்வு?'

இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வார்டில் ஆள் பற்றாக்குறை. மாணவர்கள் முதலில் கைவேலையைக் கற்கட்டும். ஆய்வெல்லாம் பட்டப்படிப்பு படித்தவர்களுக்கு என்பார்கள். அதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. எல்லாத் தாதியரும் ஆய்வாளர் ஆக வேண்டியதில்லை. ஆனால், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தாலும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தாலும் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், எல்லாரும் ஆய்வின் முடிவைத் தினமும் தங்கள் கையால் நோயாளிக்குச் செய்கிறார்கள். செய்வதற்கான காரணம் தெரியாமல் செய்வது நோயாளிக்கும் பாதுகாப்பில்லை, செய்பவருக்கும் மதிப்பில்லை.

தாதிமையின் தொடக்கமே எண்ணிப் பார்த்ததில்தான் இருக்கிறது. கையில் விளக்குடன் நிற்கும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் படம் எல்லாருக்கும் தெரியும். கிரிமியப் போரில் இறந்த வீரர்களில் பெரும்பாலோர் போர்க் காயத்தால் இறக்கவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தனர் என்று 1858ல் அவர் வண்ண வரைபடமாக வரைந்து காட்டியதை எத்தனை பேர் அறிவோம்? விளக்கை மட்டும் மாணவர் கையில் கொடுத்துவிட்டு வரைபடத்தை மறைத்துவிடுவது நியாயமா?

நேரமில்லை என்ற குறை மட்டும் உண்மையானது. அதை மாணவரின் தோளில் சுமத்தக் கூடாது. வாரத்தில் அரை மணி நேரமாவது வேலை நேரத்துக்குள்ளேயே கட்டுரை வாசிக்கவும் பேசவும் மருத்துவமனைகள் ஒதுக்க வேண்டும். கல்லூரிகள் ஸ்லைடுகளைக் குறைத்து, வார்டுத் தாதியரையும் இந்தப் பாடத்தின் ஆசிரியராக்க வேண்டும். 'ஏன்' என்று கேட்கும் மாணவரை 'வாயாடி' என்று ஒதுக்காத மூத்தோர் ஒருவர் வார்டில் இருந்தால், அதுவே பாதி வெற்றி.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி சிங்கப்பூரில் தாதியர் தினம் கொண்டாடுகிறோம். 1885ல் இங்கே தாதிமைப் பணி தொடங்கிய நாள் அது. பூவும் வாழ்த்து அட்டையும் கொடுக்கிறோம், மகிழ்ச்சிதான். தாதிமையைத் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: கருணை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருணையுடன் கேள்வியையும் கொண்டு வாருங்கள். இப்போதே பயிற்சி செய்யலாம். வீட்டில் தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது, அதைச் சாப்பாட்டுக்கு முன்பு ஏன் கொடுக்க வேண்டும், பின்பு ஏன் கூடாது என்று மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பாட்டி ஒரு வாரத்தில் குணமாகி வீடு திரும்பினார். போகும்போது, "நல்லா படிம்மா" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்வியை என் மாணவர்களின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்: யாரும்மா போட்ட ரூலு?